பர்ஸு, பொட்டலம், தூங்காத ராத்திரி

அக்கா பையனுக்கு அப்ப பதினாறு வயசு. அவங்கப்பா பர்ஸ்ல கை வெச்சுட்டான்னு வீடே ரெண்டாயிடுச்சு, அதுக்கு ரெண்டு வாரம் முன்னாடிதான் ஸ்கூல்ல ஒருத்தன் மூக்க உடைச்சு சஸ்பெண்ட் ஆகியிருந்தான், பேக்க கொட்டிப் பார்த்தா சிகரெட், அதுக்குக் கீழ ஒரு பொட்டலம் கஞ்சா. ஸ்கூலுக்கு அவன் ரவுடி, மாமாவுக்குத் திருடன், அக்காவுக்கு சேர்க்கை சரியில்ல. நான் மட்டும் என்னமோ பெருசா புரிஞ்சுகிட்டேன்னு நெனைக்காதீங்க, நாலு சாத்து சாத்தினா சரியாயிடுவான்னு சொன்னவதான் நானும்.

கொஞ்ச நாள் எங்க வீட்டுல இருக்கட்டும்னு கூட்டிட்டு வந்தேன். ராத்திரி மூணு மணிக்கு தண்ணி குடிக்க எழுந்தா ஹால்ல லைட்டு கூட போடாம உக்காந்திருக்கான், சட்டைக் கை நுனிய கடிச்சு கடிச்சு நூல் நூலா பிரிஞ்சு தொங்குது. ஏன்டா தூங்கலன்னேன். "அது இல்லாம தூக்கம் வராது சித்தி"ன்னான். சரி, எப்போலேர்ந்து வரலன்னு கேட்டா யோசிச்சு யோசிச்சு பின்னாடி போறான், முதல் சிகரெட்டையும் தாண்டிப் போயிட்டான்.

அப்புறம்தான் உக்காந்து படிக்க ஆரம்பிச்சேன். 1985லயே எட்வர்ட் கான்ட்ஸியன்னு ஒரு அமெரிக்க மனநல டாக்டர் சொல்லிட்டாரு, உள்ள இருக்கற வலிக்குத் தானே வைத்தியம் பாத்துக்கற மாதிரிதான் நிறைய பேர் போதைப் பக்கம் போறாங்கன்னு. கொடுமை என்னன்னா அந்த வைத்தியமே நோவ கூட்டும். சிகரெட்ட நிறுத்தினா எரிச்சல் வரும், ஒண்ணு பத்த வெச்சா அடங்கும், உடனே பய இதுதான் நம்மள அமைதியாக்குதுன்னு நம்பிடுவான், எரிச்சலக் கொண்டு வந்ததே அதுதான்னு எங்க தெரியப்போகுது. கஞ்சாவும் அப்படித்தான், தினம் அடிச்சுட்டு நிறுத்தினா தூக்கம் போயிடும்.

இன்னொண்ணு. டிப்ரஷன்னா மூலைல உக்காந்து அழறதுன்னுதான் நாம நெனைக்கறோம், இந்த வயசுல அது சுள்ளு சுள்ளுன்னு கோவமாவும் வரும். அந்த உடைஞ்ச மூக்கு அப்பதான் ஞாபகம் வந்துச்சு. 2002ல வந்த ஒரு ஆய்வு, சிகாகோ பக்கம் சிறார் காவல் மையத்துல இருந்த 1829 பேர ஆராய்ஞ்சாங்க, பசங்கள்ல கிட்டத்தட்ட மூணுல ரெண்டு பேருக்கு ஏதோ ஒரு மனநலப் பிரச்சனை, பொண்ணுங்கள்ல அதுக்கும் மேல. போதைப் பழக்கத்தையும் அதுல ஒரு பிரச்சனையாத்தான் எண்ணியிருக்காங்க.

அதுக்காக சேட்டை பண்ற எல்லாப் பசங்களுக்கும் நோய்னு சொல்ல வரல. நிறைய பேர் வயசு ஏற ஏற தானா விட்டுடறாங்க. சிலருக்கு சேர்க்கை முதல்ல, மனசு கெடறது அப்புறம். எங்க பயலுக்கு தலைகீழ், அவ்ளோதான்.

டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனோம். அவரு கஞ்சா பேச்சுக்கு மெதுவாத்தான் வந்தாரு, முதல்ல தூக்கத்தக் கேட்டாரு, அப்புறம் சாப்பாடு, அப்புறம் சாகணும்னு தோணியிருக்கான்னு நேராவே கேட்டுட்டாரு. அக்கா கைய நான் புடிச்சுக்கிட்டேன். அவன் தலைய ஆட்டினான்.

இப்ப பொட்டலம் இல்ல, சிகரெட்ட இன்னும் முழுசா விடல. மாமா இன்னும் பர்ஸ பீரோல வெச்சுப் பூட்டறாரு. சாவி திரும்பற சத்தம் கேட்டா பயலுக்கு மூஞ்சி மாறுது, இத மாமாகிட்ட யாரு போய் சொல்றது?