ஒரு கடைக்கு ஒரு நொடி

பேருந்து ஜன்னலிலிருந்து கடைகளைப் பார்த்தே ஒரு பகுதியைத் தெரிந்துகொள்ளலாம், ஆனால் நேரம் குறைவு. மணிக்கு 18 கிலோமீட்டர் வேகத்தில் போகும் நகரப் பேருந்து நொடிக்கு 5 மீட்டர் கடக்கிறது. கடையின் முகப்பு 5 மீட்டர் என்றால் அது ஜன்னலுக்கு நேர் எதிரே இருப்பது ஒரே ஒரு நொடி. சாலை காலியாகி வேகம் 36ஐத் தொட்டால் அரை நொடிதான். அதற்குள் பெயர்ப் பலகையைப் படிக்கலாம், இல்லாவிட்டால் உள்ளே எட்டிப் பார்க்கலாம். இரண்டுக்கும் நேரம் போதாது. ஜன்னலோரம் கிடைத்தும் ‘எல்லாம் ஓடிப்போச்சு, ஒண்ணும் மனசுல நிக்கல’ என்று இறங்குகிறவர்கள், பெரும்பாலும் கடை நேர் எதிரே வரும்போது பார்க்க முயன்றவர்கள்தான்.

கண்ணைக் கொஞ்சம் முன்னால் அனுப்பிவிடுங்கள். ஜன்னலுக்குச் செங்குத்தாகப் பார்க்காமல், பேருந்து போகும் பக்கமாகச் சாய்த்து, வரப்போகிற கடைகளைப் பாருங்கள். பலகையைத் தூரத்திலேயே படித்துவிட்டால், எதிரே வரும் அந்த ஒரு நொடி முழுவதும் கடையின் உட்புறத்துக்கு மிச்சமாகும். இதைவிட நல்ல வழி சாலையின் மறுபக்கத்தைப் பார்ப்பது. 3 மீட்டரில் இருக்கும் கடையைவிட 15 மீட்டரில் இருக்கும் கடை கண்ணுக்கு முன் ஐந்தில் ஒரு பங்கு வேகத்தில்தான் நகரும். எதிரே வரும் வண்டிகள் மறைக்கும், உண்மைதான். ஆனால் பக்கத்துக் கடைகளை ஓரத்தில் நிறுத்திய வண்டிகள் மட்டும் மறைக்காமலா இருக்கின்றன?

எனவே இடப்பக்கம் வண்டி ஓடும் நாடுகளில் வலப்பக்க ஜன்னல்தான் என் தேர்வு. இருக்கையில் உட்காருமுன் ஜன்னல் கம்பம் எங்கே வருகிறது என்று பாருங்கள். அது தோளுக்குப் பின்னால் போக வேண்டும். பல தாழ்தளப் பேருந்துகளில் பின்பாதி இருக்கைகள் படியேறிப் போகும் உயரத்தில் இருக்கும். நின்றிருக்கும் கார்களுக்கு மேலே பார்வை போவதற்கு அந்த உயரம் உதவும். கண்ணாடி மேல் விளம்பரப் படலம் ஒட்டிய பேருந்தை விட்டுவிட்டு அடுத்ததற்குக் காத்திருக்கலாம். துளித்துளி ஓட்டை போட்ட அந்தப் படலம் வழியே பகலில் ஓரளவு தெரியும். மாலையானால் எழுத்தெல்லாம் கரைந்துவிடும்.

வெயிலையும் கணக்கில் எடுக்க வேண்டும். காலையில் வடக்கு நோக்கிப் போகிற பேருந்தில் இடப்பக்கம் மேற்கு. அந்தப் பக்கக் கடைகளின் முகத்தில் வெயில் நேராக விழும், உங்கள் கண்ணில் விழாது. மாலையில் இது தலைகீழ். இரவில் சிக்கல் வேறு: பேருந்துக்குள் எரியும் விளக்கு கண்ணாடியில் பிரதிபலித்து உங்கள் முகத்தையே உங்களுக்குக் காட்டும். நெற்றியைக் கண்ணாடிக்கு அருகே கொண்டுபோய், இரண்டு பக்கமும் கையால் மறைத்தால் போதும்.

இனி, எதைப் பார்ப்பது? பெயர்ப் பலகைக்கு நான் கடைசி இடம்தான் கொடுப்பேன். புதுப் பலகை மாட்ட ஒரு நாள் போதும். ஷட்டர்களை எண்ணுங்கள். ஒரே பலகைக்குக் கீழே மூன்று ஷட்டர்கள், அவற்றுக்கு நடுவே பழைய தூண்கள் என்றால் மூன்று சிறு கடைகள் இருந்த இடத்தை ஒருவர் எடுத்திருக்கிறார் என்று ஊகிக்கலாம். மறுபுறம், ஒரே ஷட்டர் அகலத்தைப் பலகை போட்டுத் தடுத்து, ஒரு பாதியில் செல்போன் பழுது பார்ப்பவரும் மறுபாதியில் ஜெராக்ஸ் இயந்திரமும் இருந்தால், அங்கே முகப்புக்குப் போட்டி அதிகம்.

அடுத்தது வாசல்படி. பழைய தாரைச் சுரண்டி எடுக்காமல் அதன் மேலேயே புதுத் தார் போடும் ஊர்களில், ஒவ்வொரு முறையும் சாலை கொஞ்சம் உயரும். கட்டும்போது தரைக்கு மேலே இருந்த கடைத் தளம் நாளடைவில் சாலை மட்டத்துக்கு வந்து, பிறகு அதற்கும் கீழே போகும். வாடிக்கையாளர் இரண்டு படி இறங்கிப் போகிற கடையும் நான்கு படி ஏறிப் போகிற கடையும் அடுத்தடுத்து இருந்தால், இறங்குகிற கடை அனேகமாக மூத்தது. வாசலில் சிமெண்டால் சின்ன வரப்பு கட்டியிருந்தால் மழைநீர் உள்ளே வருகிறது என்று அர்த்தம். பேருந்து நின்றிருக்கும்போது இதைப் பார்த்துப் பழகினால், ஓடும்போதும் கண் தானாகப் பிடித்துக்கொள்ளும்.

ஒரே மாதிரிக் கடைகள் சேர்ந்திருப்பதும் பகுதியைக் காட்டிக்கொடுக்கும். மருந்துக்கடை, ரத்தப் பரிசோதனைக் கூடம், மூக்குக்கண்ணாடிக் கடை என்று வரிசையாக வந்தால் பெரிய மருத்துவமனை அருகில் இருக்கும். டைல்ஸ், பிளைவுட், பெயின்ட் கடைகள் தொடர்ந்து வந்தால் சுற்றிலும் வீடு கட்டும் வேலை நடக்கிறது. தையல், செருப்புத் தைப்பு, குடை ரிப்பேர் எல்லாம் இன்னும் நிலைத்திருந்தால் பலகாலமாக ஒரே மக்கள் வசிக்கிற இடமாக இருக்கலாம். போட்டிக் கடைகள் ஏன் தள்ளிப் போகாமல் ஒட்டி உட்காருகின்றன என்பதற்கு அமெரிக்கப் பொருளியலாளர் ஹெரால்ட் ஹோட்டலிங் 1929இல் ஒரு கணக்கு காட்டினார்: ஒரே தெருவில் இரண்டு பேர் ஒரே பொருளை விற்றால், எதிராளியின் பக்கம் நகர நகர ஒவ்வொருவருக்கும் வாடிக்கையாளர் கூடுவார்கள் என்பதால் இருவரும் நடுவில் வந்து சேர்ந்துவிடுவார்கள்.

‘பஸ்’ என்ற பெயருக்கே ஒரு கடைப் பலகையோடு உறவு சொல்வார்கள். 1826இல் பிரான்சின் நாந்த் நகரில் ஸ்தனிஸ்லாஸ் போத்ரி ஓட்டிய வண்டிகள் நின்ற இடத்தருகே ஒரு தொப்பிக் கடைப் பலகையில் ‘ஓம்னிபஸ்’ என்ற சொல் இருந்ததாம். கதையாகவும் இருக்கலாம்.

ஏமாறும் இடங்களும் உண்டு. பேருந்து பெரிய சாலையில்தான் போகும். அங்கே உள்ள கடைகளில் பல வழிப்போக்கருக்கானவை. அந்தப் பகுதி மக்களுக்கான மளிகைக்கடையும் சலூனும் ஒரு தெரு உள்ளே இருக்கும். அதனால் குறுக்குத் தெரு வாய் வரும்போதெல்லாம் உள்ளே பார்ப்பதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். சிக்னலில் இரண்டு நிமிடம் நிற்பதால் முக்குக் கடைகள் நினைவில் பெரிதாகிவிடும். வார விடுமுறையில் மூடிய கடையும் நிரந்தரமாக மூடிய கடையும் ஒன்றுபோலத் தெரியும். பூட்டு துருப்பிடித்திருக்கிறதா, ஷட்டர் அடியில் குப்பை சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். மேம்பாலம் ஏறினால் கடைகள் மறைந்து மாடிகள்தான் தெரியும். ஒருவழிப் பாதை என்றால் திரும்பும் பேருந்து வேறு தெருவில் வரும்.

படம் எடுப்பதானால் கேமராவின் ஷட்டர் வேகத்தை நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்காவது வையுங்கள், போனைக் கண்ணாடியில் அழுத்த வேண்டாம். பேருந்தின் அதிர்வு அப்படியே படத்தில் ஏறும். கம்பங்கள் சாய்ந்தாற்போல் விழுந்தால் கை நடுக்கம் காரணமல்ல, போன் படத்தை வரிவரியாகப் பதிவதால் வருவது. குறிப்பு எழுதக் குனிந்தால் தலை சுற்றும். நிறுத்தத்தின் பெயரையும் நேரத்தையும் சொல்லிக் குரலில் பதிவது எளிது. எல்லா நிறுத்தத்திலும் நிற்கும் வண்டியில், ஒரே தடத்தை காலை, மாலை, விடுமுறை நாள் என்று மூன்று முறை பாருங்கள். சந்தேகம் வந்த இடத்துக்கு நான்காம் முறை ஒரு நிறுத்தம் முன்னதாக இறங்கி நடந்து போய், ஷட்டர்களை எண்ணிச் சரிபார்க்கலாம்.