கோப்பாயிலிருந்து வகுப்பறைக்கு

யாழ்ப்பாணத்துக் கோப்பாயில் உள்ள தேசிய கல்வியியற் கல்லூரியில் இரண்டு ஆண்டுகள் தங்கிப் படித்துவிட்டு, மூன்றாம் ஆண்டில் கட்டுறு பயில்வு எனப்படும் ஓராண்டு வகுப்பறைப் பயிற்சிக்காகப் பாடசாலைகளுக்கு வரும் ஆசிரிய மாணவர்களை வழிப்படுத்தும் பொறுப்பு சில காலமாக என்னிடம் இருக்கிறது. எனது பாடம் கணிதம். பாடசாலை யாழ்ப்பாணத்துத் தீவுகளைக் கொண்ட தீவக வலயத்தில் இருப்பதால், வருகிறவர்களுக்கு முதலில் பண்ணைப் பாலத்துக் காற்றும் காலை பஸ்ஸின் நெரிசலும் பழக வேண்டும். நெடுந்தீவுக்குப் போகிறவர்களைப் பார்த்தால் இது சொகுசு என்றே சொல்வேன். அவர்கள் குறிகட்டுவானில் இறங்கிப் படகுக்கும் காத்திருக்க வேண்டும். மார்கழியில் கடல் மனம் வைத்தால்தான் பயணம்.

வருகிற எல்லோரும் கெட்டிக்காரர்கள்தான். பிள்ளைகள் கற்கும் விதத்தை ஆராய்ந்த உளவியலாளர்களான பியாஜேயும் வைகோட்ஸ்கியும் அவர்களுக்கு மனப்பாடம். பாடக்குறிப்பு எழுதச் சொன்னால் ஈடுபடுத்தல் முதல் மதிப்பிடல் வரை ஐந்து படிகளும் பிசகாமல் வந்து நிற்கும். அப்படியிருந்தும் சிலர் இரண்டாம் தவணைக்குள் ஆசிரியராகவே மாறிவிடுகிறார்கள். சிலர் ஆண்டு முடியும்வரை பரீட்சார்த்தியாகவே இருந்துவிட்டுப் போகிறார்கள். இந்த வேறுபாட்டுக்கு நான் கண்ட காரணம் ஒன்றுதான்: பிள்ளைகளின் கொப்பியை அவர்கள் எப்படிப் பார்க்கிறார்கள் என்பது.

தரம் 6இல் 402இலிருந்து 178ஐக் கழிக்கச் சொல்லுங்கள். ஒரு பிள்ளை 376 என்று எழுதும். இன்னொன்று 274 என்று எழுதும். இரண்டுக்கும் சிவப்புப் பேனையால் புள்ளடி போட்டுவிட்டு, கரும்பலகையில் சரியான விடை 224 என்று செய்து காட்டுவது எளிது. ஆனால் முதல் பிள்ளை ஒவ்வொரு இடத்திலும் பெரிய இலக்கத்திலிருந்து சிறியதைக் கழித்திருக்கிறது. கடன் வாங்குவது என்ற எண்ணமே அதற்கு வரவில்லை. இரண்டாவது பிள்ளை கடன் வாங்கியிருக்கிறது. ஆனால் நடுவில் இருந்த பூச்சியத்தைத் தாண்டி, நூறுகளிலிருந்து நேரே ஒன்றுகளுக்கு வாங்கிவிட்டது. பிறகு பூச்சியத்துக்குக் கீழே 7ஐக் கண்டதும் அந்த 7ஐயே விடையாக எழுதிவிட்டது. முதலாவதுக்குப் பத்துப் பத்தாகக் கட்டிய ஈர்க்குக் கட்டுகளைப் பிரித்துக் காட்டித் தொடங்க வேண்டும். இரண்டாவதுக்கு ஒரு படி மட்டும் திருத்தினால் போதும். இதைக் கண்டுபிடிக்கிற ஆசிரிய மாணவரிடம் பிறகு நான் சொல்லிக்கொடுக்க அதிகம் இருப்பதில்லை.

விரிவுரையாளர் மேற்பார்வைக்கு வரும் நாள் தனிக்கதை. முதல் நாள் இரவு விழித்திருந்து டிமைத் தாளிலும் பிறிஸ்டல் போட்டிலும் படம் வரைந்திருப்பார்கள். பாடம் நன்றாகத்தான் நடக்கும். அதற்குள் எத்தனை தரம் "விளங்கியதா?" என்ற கேள்வி வருகிறது என்பதை நான் கவனிப்பேன். வகுப்பு முழுவதும் "ஓம் ரீச்சர்" என்று ஒரே குரலில் சொல்லும். எங்கள் பிள்ளைகள் மரியாதை தெரிந்தவர்கள். விளங்காவிட்டாலும் ஓம் சொல்வார்கள். கல்வியியலாளர் புளூம் சிந்தனையை எளியதிலிருந்து கடினமானதுக்கு அடுக்கி 1956இல் வகுத்த ஆறு படிகளையும் ஒப்படையில் எழுதியவர்கள் வகுப்பில் கேட்கிற கேள்வி மட்டும் ஏன் முதற்படியைக்கூட எட்டுவதில்லை என்று எனக்குச் சிரிப்பு வரும். மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர், ஆசிரியர்கள் ஒரு கேள்வி கேட்டபின் ஏறத்தாழ ஒரு செக்கன்தான் பொறுக்கிறார்கள் என்றும், மூன்று செக்கனாவது பொறுத்தால் பிள்ளைகளின் பதில் நீள்கிறது என்றும் 1970களில் காட்டினார். வகுப்பின் முன் நிற்கும் புதியவருக்கு மூன்று செக்கன் ஒரு யுகம். பழகினால் வரும்.

கல்லூரியில் இருக்கும் இரண்டு ஆண்டுகளைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ஒப்படைகளை மூத்த தொகுதியினரின் பிரதியைப் பார்த்து முடிப்பவர்களுக்குப் புள்ளி குறைவதில்லை; ஆனால் வகுப்பில் கை வெறுமையாக நிற்கும். சிறு பாடமொன்றைச் சக மாணவருக்கே நடத்திப் பழகும் நுண்முறைக் கற்பித்தலில் நண்பர்கள் பிள்ளைகளாக நடிக்கும்போது, நல்ல பிள்ளையாகவே நடிக்காமல் 376 என்று விடை சொல்கிற பிள்ளையாக யாராவது நடித்தால் அந்தப் பயிற்சிக்கு உயிர் வரும்.

ஆசிரியர் அறையில் எல்லா வேலையும் புதியவர் தலையில்தான் விழும்: வராத ஆசிரியரின் பாடவேளை, இல்ல மெய்வல்லுநர் போட்டி, வாணி விழாச் சோடனை. முறுமுறுக்காமல் செய்யுங்கள் என்றுதான் நான் சொல்வேன். மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போடும்போதுதான், வகுப்பில் வாய் திறக்காத பையன் வந்து, "சேர், நான் பிடிக்கட்டுமா?" என்று கேட்பான். ஆனால் கொப்பி பார்க்கும் நேரத்தை எவருக்கும் கொடுக்க வேண்டாம்.

தம் வகுப்பில் கண்ட ஒரு சிக்கலைத் தாமே ஆராய்ந்து தீர்க்கப் பார்க்கும் செயல்நிலை ஆய்வுக்குப் பெரிய தலைப்பு எடுப்பது இன்னொரு நோய். 'மாணவரின் கணித ஆர்வத்தை மேம்படுத்தல்' என்று தொடங்கினால் ஆண்டு முடிந்தாலும் முடியாது. எங்களிடம் இருந்த ஒரு தங்கச்சி, கழித்தலில் நடுவில் பூச்சியம் வரும் கணக்குகளை மட்டும் எடுத்துக்கொண்டார். தலைப்பு சிறியது என்று நண்பிகள் கேலி செய்தார்களாம். பிழைகளை வகை பிரிக்க அவர் தயாரித்த ஒற்றைத் தாளைத்தான், தரம் 6 புதிதாக வரும்போது முதல் கிழமையில் நாங்கள் இன்றும் கொடுக்கிறோம்.