பிற்பாட்டுக்காரர் எங்கே?

2024 டிசம்பர் 27, வெள்ளி

மாரி மழை விடுவதாயில்லை. திருகோணமலை டச்சுக்குடாக் கடல் கலங்கி மண்ணிறமாகக் கிடக்கிறது. விடுமுறைக்கு வந்த தம்பி வீட்டுக்குள்ளேயே அடைபட்டுக் களைத்துப்போய், “அக்கா, நீ எந்த நேரமும் பாடிக்கொண்டு திரியிற அந்தப் படத்தைப் போடன், பாப்பம்” என்றான். நான் பாடுவது படத்தை வைத்தல்ல, அது எடுக்கப்பட்ட மேடை இசைநாடகத்தை வைத்து. ஆனாலும் அவன் கேட்டதே சந்தோஷம். 2012இல் டொம் ஹூப்பர் எடுத்த ‘லே மிஸரபிள்’ படத்தைப் போட்டேன்.

அம்மாவுக்குக் கதை சொல்லத் தேவையிருக்கவில்லை. “இது நாகையாட ‘ஏழை படும் பாடு’ எல்லோ?” என்றபடி வந்து உட்கார்ந்தார். அதேதான். விக்டர் ஹியூகோவின் நாவலைச் சுத்தானந்த பாரதியார் அந்தப் பெயரில் தமிழுக்குக் கொண்டுவந்தார். 1950இல் அது படமானது. அதில் ஜாவர் என்ற பொலிஸ்காரராக நடித்த சீதாராமனுக்கு ‘ஜாவர்’ என்பது கடைசிவரைக்கும் பெயரோடு ஒட்டிக்கொண்டது.

கதாநாயகன் வல்ஜோனுக்கு ஆயர் வெள்ளி மெழுகுவர்த்தித் தண்டுகளைக் கொடுக்கிற இடத்தில் கரண்ட் போய்விட்டது. இருட்டுக்குள் இருந்து தம்பிக்குச் சொன்னேன்: அந்த ஆயராக நடிப்பவர் கொம் வில்கின்சன். 1985இல் லண்டன் மேடையில் முதல் வல்ஜோனாகப் பாடியவர். பழைய வல்ஜோன் தன் கையால் புதிய வல்ஜோனுக்கு விளக்குத் தண்டு கொடுக்கிறார். இதை நினைத்தாலே எனக்கு இப்போதும் தொண்டை அடைக்கும்.

டிசம்பர் 28, சனி

கரண்ட் வந்தது. மிச்சம் பார்த்தோம்.

இந்தப் படத்தில் நடிகர்கள் படப்பிடிப்புத் தளத்திலேயே பாடினார்கள். முன்கூட்டியே ரெக்கோர்ட் பண்ணிய பாட்டுக்கு வாயசைக்கவில்லை. காதுக்குள் மறைத்து வைத்த சின்னக் கருவியில் பியானோ மட்டும் கேட்கும். பியானோக்காரர் நடிகரின் வேகத்துக்கு வாசிப்பார். நடிகர் மூச்சு வாங்கினால் அவர் காத்திருக்க வேண்டும். முழு வாத்தியக்குழுவின் இசை பிறகுதான் சேர்ந்தது. கூத்தில் மத்தளக்காரர் ஆடுபவரின் காலைப் பார்த்துக்கொண்டே அடிப்பாரே, அந்த மாதிரி. 1930களின் தமிழ்ப் படங்களிலும் நடிகர்களே நின்று பாட, வாத்தியக்காரர் கமராவுக்குப் படாமல் ஒதுங்கியிருந்து வாசித்தார்கள்.

இதன் பலன் முழுவதும் ஏழைத் தாய் ஃபான்டீனின் பாட்டில் தெரிகிறது. மேடையில் அவள் வேலை போன உடனேயே அதைப் பாடிவிடுவாள். கூந்தலை விற்பதும் உடலை விற்பதும் அதற்குப் பிறகு. படத்தில் பாட்டைப் பின்னுக்குத் தள்ளியிருக்கிறார்கள். கூந்தலும் போய், பல்லும் போய், எல்லாம் போனபிறகு பாடுகிறாள். ஃபான்டீனாக வரும் ஆன் ஹத்தவே நடிப்புக்காகத் தன் சொந்தத் தலைமயிரையே வெட்டக் கொடுத்தார். ஒட்ட வெட்டிய தலையோடு கமராவுக்கு இவ்வளவு கிட்ட முகம். குரல் உடைகிறது, மூக்கை உறிஞ்சுகிறாள், ஒரு சொல் பாதியில் வெறும் காற்றாகப் போகிறது. அந்த வருடம் சிறந்த துணை நடிகைக்கான ஒஸ்கார் அவருக்கே கிடைத்தது. அம்மா சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தார். இந்த ஒரு மாற்றத்தில் படம் மேடையை வென்றுவிட்டது என்று மனதாரச் சொல்கிறேன்.

ரஸ்ஸல் குரோவின் குரல் ஜாவருக்குப் போதாது. நட்சத்திரங்களைப் பார்த்துப் பாடும் பாட்டில் குரல் விரிய வேண்டிய இடத்தில் சுருங்குகிறது. ஆனால் கட்டடத்தின் விளிம்பில் அவர் நடக்கும்போது சப்பாத்தைக் கிட்டக் காட்டுகிறார்கள். அந்தக் கால் பின்னால் எங்கே போய் நிற்கப்போகிறது என்று கதை தெரிந்தவர்களுக்கு வயிற்றைப் பிசையும்.

டிசம்பர் 29, ஞாயிறு

பூசை முடிந்து பாடகர் குழுப் பயிற்சி. புத்தாண்டுப் பாட்டில் அல்டோ என்ற தாழ்ந்த பெண்குரல் பாடும் நாங்கள் மூன்று பேர் மட்டும் எங்கள் மெட்டைப் பிடித்துக்கொண்டு நிற்க, மற்றவர்கள் வேறு வேறு பக்கம் போனார்கள். அப்போதுதான் நேற்று எனக்கு எது குறைந்தது என்று பிடிபட்டது.

மேடையில் முதல் பாதி முடிவில் வரும் ‘வன் டே மோர்’ பாட்டு. வல்ஜோன், ஃபான்டீனின் மகள் கொசெத், அவளைக் காதலிக்கும் மாரியுஸ், அவனை ஒருதலையாய் விரும்பும் எப்பொனீன், ஜாவர், கலகத்துக்குத் தயாராகும் மாணவர்கள், ஒரு திருட்டுத் தம்பதி என்று ஒவ்வொருவரும் தங்கள் மெட்டோடு வந்து ஒருவர் மேல் ஒருவர் பாடுவார்கள். கொசெத்தும் மாரியுஸும் பாடும் மெட்டு ஃபான்டீனின் பாட்டிலிருந்து வருவது. தாயின் மெட்டைத் தெரியாமலே மகள் பாடுகிறாள். 2018இல் லண்டனில் பெரியக்காவோடு இருந்தபோது குவீன்ஸ் தியேட்டரின் ஆக மேல்மாடியில், ஆக மலிவான இருக்கையிலிருந்து இதைப் பார்த்தேன். ஒருவர் முகமும் தெளிவாகத் தெரியவில்லை. ஆனால் எல்லாரும் ஒன்றாக நின்று கால் மாற்றி மாற்றி வைக்க, செங்கொடி அசைய, அவ்வளவு சத்தமும் ஒரே அலையாக மேலே வந்தது.

படத்தில் ஒருவர் வண்டிக்குள், ஒருவர் தெருவில், ஜாவர் தன் ஆட்களோடு. வெட்டி வெட்டிக் காட்டுகிறார்கள். குரல்கள் ஒன்றாகக் கேட்கின்றன, ஆட்கள் ஒன்றாக இல்லை.

சின்ன வயதில் மூதூர்ப் பக்கம் அம்மாவின் ஊரில் கூத்துப் பார்த்திருக்கிறேன். வட்டக்களரி என்ற வட்ட மேடையில் அரசன் ஒரு வரி பாடினால், கூத்தைப் பழக்கிய அண்ணாவியாரும் பிற்பாட்டுக்காரரும் அதை வாங்கித் திருப்பிப் பாடுவார்கள். அரசன் இளைத்துப்போனாலும் பாட்டு இளைக்காது. படத்தில் அந்தப் பிற்பாட்டுக்காரர் எங்கே என்றுதான் என் மனம் தேடிக்கொண்டிருந்தது.

தம்பிக்குச் சொன்னேன். அவன் ஒத்துக்கொள்ளவில்லை. “முகம் தெரிஞ்சபடியாத்தான் அக்கா எனக்கு ஆர் ஆரெண்டு விளங்கினது” என்றான். அதுவும் உண்மை. லண்டன் டிக்கெட் எல்லாருக்கும் கிடைக்குமா?

டிசம்பர் 31, செவ்வாய்

மழை விட்டது. வீடு கழுவினோம்.

2025 ஜனவரி 2, வியாழன்

பின்னேரம் தம்பியோடு கடற்கரைக்குப் போனேன். 2006இல் இதே நாளில் ஐந்து மாணவர்களை இங்கே கொன்றார்கள். காந்தி சிலைக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றோம். தம்பி அப்போது குழந்தை. எனக்கு அந்த இரவு நினைவிருக்கிறது.

கதையில் தெருவில் தடுப்பரண் கட்டிச் செத்த அந்தப் பாரிஸ் மாணவர்களோடு இவர்களைச் சேர்த்துப் பேசமாட்டேன். இவர்கள் பின்னேரம் கடற்கரைக்கு வந்து கதைத்துக்கொண்டிருந்த பிள்ளைகள். ஆனால் தப்பிப் பிழைத்த மாரியுஸ் வெறும் கதிரைகளைப் பார்த்துப் பாடும் பாட்டை இந்த ஊரில் இருந்துகொண்டு வேறு விதமாக என்னால் கேட்க முடியாது.

படத்தில் எடி ரெட்மெய்ன் உடைந்த கஃபேக்குள் தனியே இருந்து பாடுகிறார். நன்றாகவே பாடுகிறார், கழுத்து நரம்பு துடிப்பது தெரிகிறது. லண்டன் மேடையில் மாரியுஸாக நடித்தவர் பாடப் பாட, செத்த தோழர்கள் இருட்டிலிருந்து வந்து பின்னால் நின்றார்கள். மாரியுஸுக்குத் தெரியாது, எங்களுக்குத் தெரியும். மேல்மாடியில் எனக்குப் பக்கத்தில் இருந்த வெள்ளைக்காரக் கிழவர் விம்மினார். அவருக்கு யார் நினைவு வந்ததோ. அவர்கள் பின்னால் வந்து நிற்காமல் அந்தப் பாட்டு எனக்கு முடிவதேயில்லை.

திரும்பி வரும்போது தம்பி கேட்டான், “அந்த மேடைய இஞ்ச இருந்து பாக்க ஒரு வழியும் இல்லையா?”

1995இல் லண்டன் ரோயல் அல்பர்ட் மண்டபத்தில் நடந்த பத்தாம் ஆண்டுக் கச்சேரி என்னிடம் இருக்கிறது. வேஷம் கட்டியபடி மைக்குக்கு முன்னால் நின்று பாடுவார்கள், பின்னால் பெரிய பாடகர் குழு. இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு போட்டோம். கடைசியில் வெவ்வேறு நாட்டு மேடைகளில் நடித்த 17 வல்ஜோன்கள் வரிசையாக வந்து, மாணவர்களின் பாட்டை அவரவர் மொழியில் ஒவ்வொரு வரியாகப் பாடுவார்கள். தம்பி விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தான். பதினொன்றோடு எண்ணுவதை விட்டுவிட்டு அவனும் பாடத் தொடங்கினான்.