கிணற்றடியில் தேங்கிய மழை

1979 கல்லூரிக் கண்காட்சிக்கு எங்கள் வகுப்பு செய்தது ஒரு மாரிகாலத் தோட்டத்தின் சிறிய மாதிரி. துலாக் கிணறு, கதியால் வேலி, இரண்டு பனை, எல்லாம் சரியாக வந்தன, மழைதான் வரவில்லை. மேலே ஒரு பலகையைப் பொருத்தி, தங்கூசியை (நைலோன் நூலை) நூறு துண்டாக வெட்டித் தொங்கவிட்டோம். பார்க்க வந்த பெரிய வகுப்பு அண்ணாமார் இது என்ன நெசவுசாலையா என்று கேட்டார்கள்.

சித்திர மாஸ்ரர் சிரிக்கவில்லை. வெளியே மழை விட்ட நேரமாகப் பார்த்து எங்களைக் கூட்டிக்கொண்டு போய்க் கிணற்றடி மதிலுக்கு முன்னால் நிறுத்தி, "பாருங்கோடா, எது மினுங்குது, எது கறுத்துக் கிடக்குது?" என்றார். அன்றைக்குத்தான் பார்த்தேன், நனைந்த செம்மண் மினுங்குவதே இல்லை, நிறம்தான் கறுக்கிறது, தண்ணீர் தேங்கிய பள்ளம் மட்டும் கண்ணாடி மாதிரி வானத்தைக் காட்டுகிறது. மதிலில் பாசி மேலிருந்து கீழே கோடு கோடாக இறங்கியிருந்தது, அடியில் ஒரு முழ உயரத்துக்குச் செம்மண் தெறித்த கறை. திரும்பி வந்து தங்கூசி முழுவதையும் அறுத்துவிட்டோம். (கோதுமை மாப் பசையில் ஒட்டிய கடதாசி மேட்டை எலி அரித்தது வேறு கதை. அதற்குப் பிறகுதான் பசைக்குள் கொஞ்சம் துருசு, அதாவது மயில்துத்தம், கலக்க வேண்டும் என்று தெரிந்தது.)

இப்போது ரொறன்ரோவில், பேஸ்மென்ற்றில், அதே கிணற்றடியை 1:35 அளவில் செய்துகொண்டிருக்கிறேன். 60 சென்ரிமீற்றர் பலகை என்றால் நிஜத்தில் 21 மீற்றர் நிலம். 20 மீற்றர்ப் பனை 57 சென்ரிமீற்றர் வருகிறது, மனைவி அதை எங்கே வைக்கப் போகிறீர்கள் என்று இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறா. ஊரிலிருந்து ஒரு பை செம்மண் அனுப்பட்டுமா என்றான் ஒரு நண்பன், அனுமதி இல்லாமல் மண்ணை இந்த நாட்டுக்குள் விடமாட்டார்கள். சரி என்று உடைந்த பூச்சட்டியை இடித்துத் தேத்தண்ணி வடியில் இரண்டு தரம் அரித்தேன். அரிக்காமல் போட்டால் ஒரு மில்லிமீற்றர் மணலே இந்த அளவில் 35 மில்லிமீற்றர்க் கல்லாகத் தெரியும், தோட்டம் கல்லுக்குவியலாகிவிடும்.

மழைக்கு மாஸ்ரர் காட்டிய வழிதான். மண்ணுக்குக் கறுப்புக் கலந்த கபிலத்தை மெல்லக் கரைத்து ஓடவிட்டு, மேலே மினுக்கமில்லாத வார்னிஷ், பள்ளத்தை நெருங்கும் இடத்தில் அரை மினுக்கம், பள்ளத்துக்குள் மட்டும் இப்பொக்சி றெசின், இறுகினால் கண்ணாடி மாதிரி வரும் பிசின். அதையும் இரண்டு மில்லிமீற்றருக்கு மேல் ஒரே தரத்தில் ஊற்றுவதில்லை, ஒரு நாள் விட்டு அடுத்ததை ஊற்றுகிறேன். முதல் தரம் பலகையில் இருந்த ஊசித் துவாரத்தைக் கவனிக்காமல் ஊற்றி, விடியப் பார்த்தால் பள்ளம் காய்ந்து கிடக்கிறது, கார்ப்பெற்றில் ஒரு குளம். றெசின் இறுகிய பிறகு மினுக்கப் பசையைக் குச்சி நுனியில் தொட்டு வட்டம் வட்டமாக வைத்தால் துளி விழுந்த அலை வரும். வாழையிலை நுனிகளைக் கொஞ்சம் கீழே வளைத்துவிட வேண்டும், அதை மறந்தால் எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் வெயில்காலம் போலத்தான் இருக்கும்.

இங்கு இப்படி மாதிரி செய்யும் மற்றவர்கள் பனிதான் செய்கிறார்கள். நானும் ஒருமுறை அப்பச்சோடாவைப் பசையில் குழைத்துச் செய்தேன், சில வருடத்தில் மஞ்சளித்துப் போனது. பனியை யன்னலுக்கு வெளியே ஆறு மாதம் பார்க்கிறேன், போதும்.

மதில்தான் மிச்சம். மேலே கண்ணாடித் துண்டு பதித்திருந்ததா, வெறும் சுண்ணாம்பா என்பதில் எனக்கும் என் வகுப்புக்காரன் ஒருவனுக்கும் தொலைபேசியில் பெரிய சண்டை. 1980க்கு முன்னர் கிணற்றடியில் எடுத்த படம் யாரிடமாவது இருந்தால் கல்லூரிப் பழைய மாணவர் சங்கத்துக்கு அனுப்பிவையுங்கள், எவ்வளவு மங்கியிருந்தாலும் பரவாயில்லை.