பெட்டிக்குள் கை போகும் முன்

பல் எக்ஸ்ரே அறையில் வேலை பார்ப்பவர்களிடம் எது கஷ்டம் என்று கேட்டுப் பாருங்கள். படம் பதிய வாய்க்குள் வைக்கும் பிளேட்டை வைத்ததுமே குமட்டுகிறவர்களைச் சொல்வார்கள், வாயைத் திறக்க மாட்டேன் என்று அடம்பிடிக்கும் குழந்தைகளைச் சொல்வார்கள். அந்த பிளேட்டுக்குப் போடும் பிளாஸ்டிக் கவரை எடுத்து வைப்பதை யாரும் சொல்ல மாட்டார்கள். அதை ஒரு வேலையாகவே யாரும் கணக்கில் எடுப்பதில்லை. பெட்டியில் கவர் இருக்கிறது, ஒன்றை உருவுகிறோம், பிளேட்டைச் செருகுகிறோம், ஒட்டுகிறோம், அவ்வளவுதானே! ஆனால் அந்த அறையில் நான் அதிகம் வாதாடியது இந்தக் கவர் பெட்டியைப் பற்றித்தான்.

ஃபிலிம் இருந்த காலத்தில் இந்தத் தொல்லை கிடையாது. ஃபிலிம் தொழிற்சாலையிலிருந்தே உறையோடு வந்துவிடும். வெளியே எச்சில் புகாத பிளாஸ்டிக், உள்ளே கறுப்புக் காகிதம், பின்பக்கம் ஓர் ஈயத் தகடு. எக்ஸ்ரே எடுத்து, இருட்டறையில் பிரித்து, உறையைப் போட்டுவிடலாம். உண்மையில் உறை இல்லாத பல் எக்ஸ்ரே என்று ஒன்று தொடக்கத்திலிருந்தே இருந்ததில்லை. 1895 கடைசியில் எக்ஸ்ரேயைக் கண்டுபிடித்த ரான்ட்ஜன் அதை வெளியிட்ட சில வாரங்களுக்குள், 1896 ஜனவரியில், ஜெர்மனியில் ஓட்டோ வால்கோஃப் என்ற பல் மருத்துவர் தன் பற்களையே படம் எடுத்துக்கொண்டார். கண்ணாடி போட்டோ பிளேட்டைக் கறுப்புக் காகிதத்தில் சுற்றி, மேலே ரப்பர் போர்த்தி, வாய்க்குள் வைத்து 25 நிமிடம் அசையாமல் இருந்திருக்கிறார். காகிதம் வெளிச்சத்துக்கு, ரப்பர் எச்சிலுக்கு. இன்று நான் உருவும் கவரும் அதே இரண்டு வேலையைத்தான் செய்கிறது.

வித்தியாசம் என்னவென்றால், ஃபிலிமுக்குப் பதிலாக நாங்கள் வைக்கும் பாஸ்பர் பிளேட் உறையில்லாமல் வருகிறது. அதைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்துகிறோம். ஒருவர் வாயிலிருந்து வந்த பிளேட், ஸ்கேனருக்குள் போய், அதிலிருந்த படம் அழிக்கப்பட்டு, அடுத்தவர் வாய்க்குப் போகிறது. சூட்டில் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவில் போட முடியாது, சூடு அதைக் கெடுத்துவிடும். ஆகவே ஒவ்வொரு முறையும் புது உறை போடும் பொறுப்பு தொழிற்சாலையிடமிருந்து நம் கைக்கு வந்துவிட்டது. கை என்று சொல்வதைக் கவனியுங்கள், பிரச்சினையே அங்கேதான்.

ஒரு சாதாரண நாளில் நடப்பது இது. உதவியாளர் கிளவுஸ் போட்டிருக்கிறார். முதல் படம் எடுத்தாயிற்று, அதாவது அந்தக் கிளவுஸ் நோயாளியின் வாய்க்குள் போய் வந்துவிட்டது. படத்தில் வேர்நுனி விழவில்லை, இன்னொன்று எடுக்க வேண்டும். அதே கையோடு பெட்டிக்குப் போகிறார். கவர்கள் மெல்லிய பிளாஸ்டிக், ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஒன்றை இழுத்தால் மூன்று வரும். வேண்டாத இரண்டைக் கட்டைவிரலால் உள்ளே தள்ளிவிட்டு, ஒன்றை எடுத்துக்கொண்டு திரும்புகிறார். இதற்கெல்லாம் இரண்டு விநாடிகூட ஆகாது. கண்ணுக்கும் ஒன்றும் தெரியாது. ஆனால் தள்ளிவிட்ட அந்த இரண்டு கவர்களும் பிற்பகலில் வேறு யாரோ ஒருவரின் நாக்கில் உட்காரும்.

கவரைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் அது வாயில் கிழியுமா, கடித்தால் தாங்குமா என்றே பேசுகிறார்கள். அதுவும் தேவைதான். வாய்க்குள் போகும், ஆனால் சூட்டில் கிருமி நீக்க முடியாத டிஜிட்டல் எக்ஸ்ரே சென்சார் போன்ற கருவிகளுக்கு உறை போட வேண்டும் என்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2003-இல் பல் மருத்துவத்துக்கென வெளியிட்ட வழிகாட்டுதல் சொல்கிறது. உறை கசியலாம் என்பதால், அதைக் கழற்றிய பிறகும் கருவியைச் சுத்தம் செய்து கிருமிநாசினி போடச் சொல்கிறது. ஆனால் என் கண் முன்னால் கவர் கிழிந்து கெட்டதைவிட, பெட்டியிலிருந்து எடுக்கும்போதே கெட்டதுதான் அதிகம். அதைத் தடுக்க நல்ல கவர் வாங்கினால் போதாது. எடுக்கும் முறையை மாற்ற வேண்டும்.

மாற்றம் என்றால் பெரிய விஷயம் ஒன்றும் இல்லை. நோயாளி நாற்காலியில் உட்காரும் முன்பே, கை கழுவிய கையோடு, தேவையான கவர்களை எண்ணி எடுத்து பிளேட்டைப் போட்டு ஒரு தட்டில் வைத்துவிட வேண்டும். ஒரு பல்லுக்கு ஒரு படம் என்றால் இரண்டு கவர். இரண்டாவது, படம் சரியாக விழாவிட்டால் திரும்ப எடுக்க. முழு வாய்க்கும் எடுப்பதென்றால் 18 முதல் 20 படங்கள் வரும், அதற்கு மேல் கொஞ்சம். அப்புறம் பெட்டியின் மூடி மூடப்படும். அந்த நோயாளி எழுந்து போகும்வரை யாரும் அதைத் தொடக்கூடாது.

இங்கேதான் சண்டை வரும். மிஞ்சிய கவரை என்ன செய்வது? புதிதாக வந்த ஒரு பெண் கேட்டாள்: "அக்கா, இது வாய்க்கே போகலையே. திரும்ப பெட்டியில வெச்சா என்ன?"

"தட்டு எங்கே இருந்துச்சு?"

"நோயாளி பக்கத்துல."

"உன் கை எங்கே இருந்துச்சு?"

அவள் மேற்கொண்டு கேட்கவில்லை. கவரைக் குப்பையில் போட்டுவிட்டு, உள்ளே இருந்த பிளேட்டை மற்ற பிளேட்டுகளோடு சேர்த்துத் துடைக்கப் போனாள். நிர்வாகத்தில் இருப்பவர்களுக்கு இது அவ்வளவு சுலபமாகப் புரிவதில்லை. பயன்படுத்தாத கவர் குப்பைக்குப் போகிறது என்றால் அவர்களுக்கு அது வீண் செலவு. ஒருமுறை கவர் கணக்கையும் படங்களின் எண்ணிக்கையையும் பக்கத்தில் வைத்து, ஏன் பொருந்தவில்லை என்று என்னிடம் கேட்டார்கள். பொருந்தினால்தான் நான் கவலைப்படுவேன் என்றேன். படத்துக்குச் சரியாக ஒரு கவர் என்று கணக்கு வந்தால், யாரோ நடுவில் ஈரக் கையோடு பெட்டிக்குப் போகிறார்கள் என்றுதான் அர்த்தம்.

சுவரில் மாட்டும் டிஸ்பென்சர் வந்தால் எல்லாம் தீர்ந்துவிடும் என்று நம்புகிறவர்கள் உண்டு. ஓரளவு தீரும். கீழ்ப்பக்கம் ஒவ்வொன்றாக இழுக்கும் வகையில் இருந்தால் மற்ற கவர்களில் கை படாது. ஆனால் அதை எங்கே மாட்டுகிறோம் என்பதுதான் முக்கியம். நாற்காலியிலிருந்து கை நீட்டினால் எட்டும் இடத்தில் மாட்டினால், கிளவுஸ் போட்ட கைதான் நீளும். கை கழுவும் தொட்டிக்குப் பக்கத்தில் மாட்டினால் தண்ணீர் தெறிக்கும். ஆட்டோகிளேவுக்கு மேலே மாட்டியதையும் பார்த்திருக்கிறேன். வெப்பத்தில் ஒட்டும் பசை காய்ந்துபோய், மடித்து அழுத்திய கவர் வாய்க்குள் திறந்துகொண்டது. கொஞ்சம் நடந்துபோய் எடுக்க வேண்டிய இடம்தான் சரியான இடம். எடுக்கச் சிரமமாக இருந்தால்தான் முன்கூட்டியே எடுத்து வைப்பார்கள்.

அளவு விஷயத்திலும் கொஞ்சம் கவனம் வேண்டும். குழந்தைகளுக்கான 0, ஒடுக்கமான முன்பற்களுக்கு 1, பெரியவர்களுக்குப் பொதுவாக 2. இரண்டாம் எண் கவரில் ஒன்றாம் எண் பிளேட்டைப் போட்டால் ஒட்டவும் செய்யும், வாய்க்குள் போகவும் செய்யும். உள்ளே நழுவிக்கொண்டே இருக்கும், படத்தில் பல் பாதிதான் வரும். மூன்று பெட்டிகளும் ஒரே நிறத்தில் வருவதால், மூடியில் எண்ணைப் பெரிதாக எழுதி வைத்துவிடுகிறேன்.

எந்தப் பக்கம் வைப்பது என்பதற்கு ஒரே வழக்கம் போதும், அதை எல்லோரும் பின்பற்ற வேண்டும். எங்கள் கவரில் பிளேட்டின் பாஸ்பர் பக்கம் கறுப்புப் பக்கத்தைப் பார்த்திருக்கும், அந்தக் கறுப்புப் பக்கம் எக்ஸ்ரே குழாயை நோக்கும். மாற்றி வைத்தாலும் பல சமயம் படம் விழத்தான் செய்யும், ஆனால் இடம் வலமாகத் திரும்பிவிடும். ஃபிலிமைத் திருப்பி வைத்தால் ஈயத் தகட்டின் கோடுகள் படத்தில் விழுந்து காட்டிக்கொடுக்கும். பிளேட்டில் அந்தக் கோடுகள் கிடையாது.

கறுப்பு அழகுக்காக அல்ல. எக்ஸ்ரே பட்டதும் அதன் ஆற்றலை பிளேட்டின் மேல்பூச்சு பிடித்து வைத்துக்கொள்கிறது. ஸ்கேனரின் சிவப்பு லேசர் பட்டால் அது நீல ஒளியாக வெளியே வரும், அந்த ஒளிதான் படமாகிறது. அறை விளக்கு பட்டாலும் அந்த ஆற்றல் கசிந்துபோகும். அதனால் படம் எடுத்தபின் கவரைப் பிரிப்பதில் அவசரமும் வேண்டும், நிதானமும் வேண்டும். மேலே உள்ள எச்சிலைத் துடைத்து, பிளவுள்ள இடத்தில் கிழித்து, பிளேட்டைத் தொடாமல் சுத்தமான, மூடியுள்ள பெட்டிக்குள் விழவிட வேண்டும். கிளவுஸைக் கழற்றி, கை கழுவிய பிறகுதான் ஸ்கேனர் பக்கம் போகலாம். மேசையில் பிளேட்டைத் தேய்த்து இழுப்பவர்களிடம் மட்டும் எனக்குப் பொறுமை இல்லை. ஒரு கீறல் விழுந்தால், அந்த பிளேட் இருக்கும்வரை எல்லாப் படங்களிலும் ஒரு வெள்ளைக் கோடு வரும்.

இத்தனை முன்னேற்பாட்டுக்குப் பிறகும் சில நாள் கவர் போதாமல் போகும். கூடுதலாக எடுத்து வைத்ததும் தீர்ந்துவிடும், நோயாளி வாயைத் திறந்தபடி காத்திருப்பார். இரண்டு பேர் இருந்தால், கிளவுஸ் போடாதவர் எடுத்துக் கொடுத்துவிடுவார். தனியாக இருந்தால் கிளவுஸைக் கழற்றி, கை கழுவி, துடைத்து, பெட்டியைத் திறந்து, புது பிளேட்டைப் போட்டு ஒட்டி, புதுக் கிளவுஸ் மாட்டிக்கொண்டு வர வேண்டும். அதற்குள் டாக்டர் இரண்டு முறை எட்டிப் பார்த்துவிட்டுப் போவார். நான் இன்னும் கையைத் துடைத்துக்கொண்டிருப்பேன்.