எஸ்ஆர்-71 ஏன் எரிபொருள் சிந்தியது?

எஸ்ஆர்-71, அமெரிக்காவின் பழைய அதிவேக உளவு விமானம். தரையில் நிற்கும்போதே அதிலிருந்து எரிபொருள் ஒழுகும். அப்படி ஒழுகியதை ஈடுகட்டத்தான் மேலே ஏறியவுடன் நடுவானில் எரிபொருள் நிரப்பித் தரும் டேங்கர் விமானத்திடம் போய் நிற்கும். ரீல்ஸிலும் யூடியூபிலும் இந்தக் கதை சுற்றிக்கொண்டே இருக்கிறது. ஒழுகியது உண்மை. டேங்கரிடம் போனதும் உண்மை. ஆனால் ஒன்றுக்கும் மற்றதற்கும் சம்பந்தமில்லை. அந்த விமானத்தில் வியக்க வேண்டிய விஷயங்கள் எவ்வளவோ இருக்க, இந்தத் தவறான கதையே அதன் அடையாளமாகிவிட்டது என்பதில் எனக்கு உண்மையான வருத்தம் உண்டு.

முதலில் ஒழுகலைப் பார்த்துவிடுவோம். எஸ்ஆர்-71-க்குள் தனியாக எரிபொருள் டேங்க் என்று எதுவும் கிடையாது. உடலின் தகடும் இறக்கையின் தகடும்தான் டேங்கின் சுவர். தகடுகள் சேரும் இடங்களில் உள்பக்கமாக ஒரு சீலன்ட், அதாவது கசிவை அடைக்கும் பசை, பூசியிருப்பார்கள். மாக் 3.2-ல், அதாவது ஒலியைப் போல 3.2 மடங்கு வேகத்தில், பறக்கும்போது மேல்தகட்டின் பெரும்பகுதி 250 டிகிரி செல்சியஸைத் தாண்டிவிடும். சில இடங்களில் 300-க்கும் மேல். முழு விமானமும் சில அங்குலம் நீளும். இறங்கியதும் எல்லாம் ஆறிச் சுருங்கும். ஒவ்வொரு முறை பறக்கும்போதும் இப்படி நீண்டு சுருங்கினால் சீலன்ட் காய்ந்து, வெடித்து, ஒட்டிய இடத்திலிருந்து விட்டுவிடும். மறுபடி பூச வேண்டுமென்றால் டேங்கைத் திறந்து, பழையதைச் சுரண்டி எடுத்து, புதியதைப் போட்டுப் பதப்படுத்த வேண்டும். நாள் பிடிக்கிற வேலை. அடுத்த சில பறத்தல்களிலேயே அதுவும் கெடும். அதனால் விமானத்தின் எந்தப் பகுதியில் நிமிடத்துக்கு எத்தனை சொட்டு வரை ஒழுகலாம் என்று வரம்பு வைத்து, அதைத் தாண்டினால் மட்டும் பழுது பார்த்தார்கள். சொட்டுக் கணக்கில் போகிற இழப்புக்காக யாரும் டேங்கர் விமானத்தை அனுப்ப மாட்டார்கள்.

பிறகு ஏன் டேங்கர்? இரண்டு காரணங்கள்.

ஒன்று, எடை. முழு அளவு எரிபொருள் சுமார் 80,000 பவுண்டு, அதாவது 36 டன். காலி விமானத்தின் எடையைவிட அதிகம். அவ்வளவையும் நிரப்பிக்கொண்டு ஓடுபாதையில் ஓடும்போது ஒரு என்ஜின் நின்றால் தப்பிக்க வழி குறைவு. டயரும் பிரேக்கும் தாங்குவதும் சந்தேகம். அந்த டயர்களே தனி ரகம்: அலுமினியத் தூள் கலந்த ரப்பர், உள்ளே 415 பிஎஸ்ஐ அழுத்தத்தில் நைட்ரஜன். ஆகவே குறைந்த எரிபொருளோடு கிளம்பி, மேலே போய் நிரப்பிக்கொள்வது பாதுகாப்பானது.

இரண்டாவது காரணம் பெரும்பாலான வீடியோக்களில் வருவதே இல்லை. மாக் 2.6-க்கு மேலே போனால் டேங்கில் இருக்கும் எரிபொருள் சூடாகி ஆவியாகத் தொடங்கும். எரிபொருளுக்கு மேலே இருக்கும் காலி இடத்தில் காற்று இருந்தால், அந்த ஆவியும் ஆக்சிஜனும் சேர்ந்து வெடிக்கும் கலவையாகிவிடும். எனவே அந்த இடத்தில் நைட்ரஜன் மட்டுமே இருக்க வேண்டும். திரவ நைட்ரஜனைக் குடுவைகளில் விமானத்திலேயே கொண்டுபோவார்கள். ஆனால் பாதி நிரம்பிய டேங்கில் ஏற்கனவே இருக்கும் காற்றை வெளியேற்றுவது எப்படி? நடுவானில் டேங்கை விளிம்பு வரை நிரப்பினால் காற்று முழுக்க வெளியே தள்ளப்படும். அதன் பிறகு எரிபொருள் குறையக் குறைய அந்த இடத்தை நைட்ரஜன் பிடித்துக்கொள்ளும். கிளம்பியதும் டேங்கரைச் சந்தித்தது இதற்காகவும்தான். சந்திக்காமலே நேராக வேகமெடுக்க வேண்டிய பயணங்களுக்குத் தரையிலேயே முழுக்க நிரப்பி, பிறகு நைட்ரஜனை உள்ளே விட்டுக்கொண்டே தேவைக்கு மேற்பட்டதை இறக்கிவிடுவார்கள். இந்த முறைக்கு அவர்கள் வைத்த பேர் ‘யோ-யோ’.

அந்த எரிபொருளும் சாதாரணமானதல்ல. ஜேபி-7 என்று பேர். 60 டிகிரிக்குக் கீழே எளிதில் தீப்பிடிக்காது. பறக்கும்போது காக்பிட்டையும் ஹைட்ராலிக் எண்ணெயையும் குளிர்விக்கும் வேலையையும் இதுவே பார்த்துவிட்டு, கடைசியில்தான் என்ஜினுக்குள் போய் எரியும். இவ்வளவு அடங்கிய எரிபொருளைப் பற்றவைக்க, காற்றுப் பட்டாலே தானாக எரியும் ட்ரைஎதில்போரேன் என்ற திரவத்தைப் பீய்ச்சுவார்கள். பச்சை நிறத்தில் ஒரு மின்னல் தெரியும். ஒரு என்ஜினுக்குக் கையிருப்பு ஏறக்குறைய 16 பீய்ச்சல். என்ஜினைக் கிளப்ப ஒன்று, ஆஃப்டர்பர்னருக்கு (என்ஜினின் பின்புறம் கூடுதல் எரிபொருளை எரித்து உந்துதலைக் கூட்டும் பகுதி) ஒன்று, ஒவ்வொரு முறை டேங்கரிடம் நிரப்பிவிட்டு மறுபடி ஆஃப்டர்பர்னரைப் பற்றவைக்க ஒன்று. நீண்ட பயணத்தைத் திட்டமிடுகிறவர்கள் இந்த எண்ணிக்கையையும் கணக்கில் வைக்க வேண்டியிருந்தது.

டைட்டானியத்துக்கு வருவோம். விமானத்தின் பெரும்பகுதி அதனால் ஆனது. இதைக் கட்டிய லாக்ஹீட் நிறுவனத்தில், ரகசிய விமானங்களை உருவாக்கும் ஸ்கங்க் வொர்க்ஸ் பிரிவின் தலைவராக இருந்த கெல்லி ஜான்சன் இதில் பட்ட பாடுகளைப் பதிவு செய்து வைத்திருக்கிறார். ஆரம்பத்தில் ஒரு துளையிடும் பிட், 17 துளை போட்டதுமே உருப்படாமல் போனது. சூடாக்கிச் சோதித்தபோது போல்ட்டுகளின் தலை தானாகக் கழன்று விழுந்தது. தேடிப் பார்த்தால் குற்றவாளி ஸ்பேனர். காட்மியம் முலாம் பூசிய ஸ்பேனரால் முடுக்கும்போது, துளி காட்மியம் போல்ட்டில் ஒட்டிக்கொண்டு, சூட்டில் டைட்டானியத்தை நொறுங்க வைத்திருக்கிறது. எல்லாக் கருவிப் பெட்டிகளையும் திறந்து அந்த ஸ்பேனர்களை அப்புறப்படுத்தினார்கள். குளோரின் கலந்த மையுள்ள பேனாவால் மெல்லிய தகட்டில் கோடு போட்டால், நாளடைவில் அந்தக் கோடு தகட்டையே அரித்துவிடும்.

இதிலெல்லாம் எனக்கு மிகவும் பிடித்தது தண்ணீர்க் கதை. ஸ்பாட் வெல்டிங் செய்த இறக்கைத் தகடுகளில் கோடைகாலத்தில் செய்தவை சீக்கிரம் கெட்டன. குளிர்காலத்தில் செய்தவை நீடித்து உழைத்தன. ஆட்கள் ஒன்றே, இயந்திரம் ஒன்றே, தகடும் ஒன்றே. காரணம், தொழிற்சாலை இருந்த பர்பாங்க் நகராட்சி கோடையில் பாசி பிடிக்காமலிருக்கக் குடிநீரில் குளோரினைக் கூட்டியது. அந்தத் தண்ணீரில்தான் தகடுகளைக் கழுவினார்கள். காய்ச்சி வடித்த நீருக்கு மாறியதும் பிரச்சினை தீர்ந்தது. ஒவ்வொரு தகட்டுக்கும் எப்போது, எப்படிச் செய்தது என்று குறிப்பு வைத்திருந்ததால்தான் இதைக் கண்டுபிடிக்க முடிந்தது.

வேகத்தின் சூட்சுமம் என்ஜினில் இருப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். ஜே58 அருமையான என்ஜின்தான். ஆனால் மாக் 3.2-ல் உந்துதலில் பாதிக்கும் மேற்பட்ட பங்கு, காற்றை உள்ளே வாங்கும் இன்லெட்டின் அழுத்த மீட்பிலிருந்து (வேகமாக வரும் காற்றை மெதுவாக்கி அழுத்தத்தைக் கூட்டுவதிலிருந்து) வந்ததாக லாக்ஹீட்டின் கணக்கு சொல்கிறது. என்ஜின் சுழலும் பகுதியின் பங்கு ஆறில் ஒன்று அளவுதான். இன்லெட்டின் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் கூம்பு மாக் 1.6 வரை முன்னாலேயே நிற்கும். அதற்கு மேல் வேகம் கூடக் கூட மெல்லப் பின்வாங்கி, உச்ச வேகத்தில் 26 அங்குலம் உள்ளே போயிருக்கும். உள்ளே வரும் ஒலிமீறிய காற்றின் கடைசி அதிர்வலையை இன்லெட்டின் மிகக் குறுகிய இடத்துக்குச் சற்றுப் பின்னால் நிறுத்தி வைப்பதுதான் அதன் வேலை. அந்த அலை முன்னால் வெளியே துப்பப்பட்டால் ‘அன்ஸ்டார்ட்’. ஒரு பக்க உந்துதல் சட்டென்று போய், விமானம் அந்தப் பக்கமாகத் திரும்பி உதறும். விமானியின் ஹெல்மெட், காக்பிட்டின் கண்ணாடியில் மோதுகிற அளவுக்கு. பின்னாளில் ஒரு பக்கம் அன்ஸ்டார்ட் ஆனால் மறுபக்கக் கூம்பையும் தானாகவே முன்னால் தள்ளி இரண்டையும் சமன்படுத்தும் ஏற்பாடு வந்தது. 1980-களில் டிஜிட்டல் கட்டுப்பாடு வந்த பிறகு இந்தத் தொல்லை வெகுவாகக் குறைந்தது.

அதற்கு முன் நிலைமை மோசம். 1966 ஜனவரி 25 அன்று லாக்ஹீட்டின் சோதனை விமானி பில் வீவர், அவரோடு பறந்த ஜிம் ஸ்வேயர் இருவரும் மாக் 3.18-ல், 78,000 அடிக்கு மேலே வலப்பக்கம் திரும்பிக்கொண்டிருந்தபோது வலது இன்லெட் அன்ஸ்டார்ட் ஆனது. ஈர்ப்பு மையத்தை வழக்கத்தைவிடப் பின்னால் வைத்துச் செய்த சோதனை என்பதால் விமானம் நிலைப்புத்தன்மையில் ஏற்கனவே பலவீனமாக இருந்தது. சில நொடிகளில் அது துண்டு துண்டானது. வீவர் எஜெக்ட் செய்யவே இல்லை, அதாவது இருக்கையோடு வெளியே பாயும் விசையை இயக்கவே இல்லை. இருக்கை விமானத்தோடு போய்விட்டது. அழுத்த உடை உப்பி அவரைக் காத்தது, பாராசூட் தானாக விரிந்தது, நியூ மெக்சிகோவில் ஒரு பண்ணை நிலத்தில் உயிரோடு இறங்கினார். ஸ்வேயர் இறந்துவிட்டார்.

2022-ல் வந்த ஹாலிவுட் படமொன்றில் மாக் 10-ல் விமானம் உடைந்தும் நாயகன் நடந்து வருவதைப் பார்த்துவிட்டு, வீவர் பிழைத்தாரே, இதுவும் சாத்தியம்தானே என்று எழுதுகிறார்கள். இல்லை. வீவர் இருந்த உயரத்தில் காற்று மிக மெலிது. அவர் உடலில் அறைந்த காற்றின் விசை, தரைமட்டத்தில் மணிக்கு சுமார் 700 கிலோமீட்டரில் உணர்வதற்குச் சமம். மாக் 3.2-ல் எதிரே மோதி நிற்கும் காற்றின் வெப்பம் 400 டிகிரி அளவில் இருக்கும். ஜே58-க்குள் நுழையும் காற்றுக்கு 427 டிகிரி என்பதே வரம்பு. விமானத்தின் உச்ச வேகத்தைத் தீர்மானித்ததில் அதற்கும் பங்கு உண்டு. மாக் 10-ல் அந்த வெப்பம் ஆயிரக்கணக்கான டிகிரி. எந்த அழுத்த உடையும் அதற்கு நிற்காது.

மொத்தம் 32 எஸ்ஆர்-71 கட்டினார்கள். 12 விபத்தில் போயின. எதிரி சுட்டு விழுந்தது ஒன்றும் இல்லை. அமெரிக்காவுக்கு வெளியே இருப்பது ஒன்றே ஒன்று: 1976 ஜூலை 28 அன்று 85,069 அடியில் கிடைமட்டமாகப் பறந்து சாதனை படைத்த 962-ஆம் எண் விமானம். இங்கிலாந்தின் டக்ஸ்ஃபர்ட் அருங்காட்சியகத்தில் நிற்கிறது. லண்டனிலோ கேம்பிரிட்ஜிலோ இருக்கும் நம்மவர்கள் ஒரு பகல் பொழுதில் போய் வந்துவிடலாம். போனால் மூக்கோடு நின்றுவிடாதீர்கள். இன்லெட் கூம்பின் நடுவில் சுற்றி ஓடும் சிறு துளைப் பட்டையைத் தேடுங்கள். கூம்பின் மேல் தேங்கும் மந்தமான காற்றை உறிஞ்சி எடுப்பதற்கானது அது. பிறகு இறக்கையைப் பக்கவாட்டிலிருந்து பாருங்கள். முன்னிருந்து பின்னாக ஓடும் மெல்லிய நெளிவுகள் தெரியும். ஆரம்பச் சோதனையில் சமதளத் தகட்டைச் சூடாக்கியபோது அது கோணல்மாணலாகச் சுருண்டது. நெளிவு கொடுத்ததும், சூட்டில் அந்த நெளிவின் ஆழம் கொஞ்சம் கூடியதே தவிர இறக்கையின் வடிவம் மாறவில்லை.