லெட்சுமி பெயரில் விழுந்த செக்ரோல் புரோகிராம்: 25ஆவது பைட்டைப் பிடித்த விதம்

மலேசியாவின் பெஸ்தாரி ஜெயா பக்கத்துச் செம்பனைத் தோட்டமொன்றில் செக்ரோல் (வருகை, சம்பளப் பதிவேடு) போட சி மொழியில் எழுதிய ஒரு சிறு புரோகிராம் ஓடுகிறது. காலைப் பெரட்டில் (ஆள் கணக்கெடுப்பில்) பெயர் பதிவாகும். மாலையில் வெட்டிய குலை, பொறுக்கிய உதிரிப் பழம் எல்லாம் ஏறும். அன்றன்று நாள் சீட்டும் மாதக் கடைசியில் சம்பளச் சீட்டும் அச்சாகும். பல வருடம் ரூமி (மலாய் மொழியின் ரோமன்) எழுத்தில் பெயர் அடித்தபோது பிரச்சினை வெளியே தெரியவில்லை. வயதானவர்கள் தாங்களே படித்துப் பார்க்கட்டும் என்று தமிழில் பெயர் அடிக்கத் தொடங்கியதும், சில நாள் அன்றைய சீட்டு முடியும் முன்பே புரோகிராம் விழுந்தது. தமிழ் எழுத்துதான் காரணம், ரூமிக்கே திரும்பலாம் என்ற பேச்சும் எழுந்தது. அந்தப் பேச்சு தவறு என்று காட்டவே இதை முழுதாக எழுதுகிறோம்.

முதல் வேலை, விழுந்த நாளின் ஃபைலை அப்படியே நகல் எடுத்து வைத்தது. நிரலைத் தொடவில்லை. அதே ஃபைலை இன்னொரு கணினியில் ஓட்டினோம். அங்கேயும் அதே இடத்தில், லெட்சுமி என்ற தொழிலாளியின் பெயரில், விழுந்தது. மின்சாரம் ஏறி இறங்கும் ஊரில் ரேம் மேல் சந்தேகம் வருவது சரிதான். ஆனால் இரண்டு இயந்திரத்திலும் ஒரே பெயரைத் தாண்டாமல் விழுந்தால் ரேமைக் கழற்றிப் பார்ப்பது நேர விரயம்.

அடுத்து, புரோகிராம் விட்டுப்போன எண். லினக்ஸில் 139 என்றால் 128உடன் 11 (நிறுத்திய சிக்னலின் எண்): தனக்கில்லாத முகவரியைத் தொட்டதால் கெர்னல் (இயங்குதளத்தின் உட்கரு) நிறுத்தியிருக்கிறது. இங்கே வந்தது 134, அதாவது 128உடன் 6: புரோகிராம் தன்னைத்தானே நிறுத்திக்கொண்டது. கூடவே ‘ஃப்ரீ: இன்வேலிட் பாயிண்டர்’ என்ற செய்தி. மெமரியில் இடம் வாங்கித் தரும் மாலாக் வைத்திருக்கும் கணக்கு கெட்டிருப்பதை, இடத்தை விடுவிக்கும் ஃப்ரீ கண்டுபிடித்தாலோ, மாலாக் தராத முகவரியை விடுவிக்கச் சொன்னாலோ இப்படி வரும்.

விழுந்த நொடியின் மெமரி நகலான கோர் ஃபைலை ஜிடிபி என்ற பிழைதேடியில் திறந்து பேக்டிரேஸ் (எந்த வரி எதை அழைத்தது என்ற வரிசை) பார்த்தால், வங்கிக் கணக்கு எண்ணை விடுவிக்கும் வரியைக் காட்டியது. இங்கேதான் பலர் வழி தவறுவார்கள். அந்த வரியில் ஒரு குறையும் இல்லை. மெமரி பிழையில் விழும் இடம் வேறு, கெட்ட இடம் வேறு. நடுவே ஒரு சோதனை வரி சேர்த்தபோது விழுவதே நின்றுவிட்டது. அந்த வரி தன் செய்திக்கு ஹீப்பில் (மாலாக் இடம் தரும் பகுதியில்) இடம் வாங்கி, கடைசி வரை வைத்துக்கொள்ளும் ரகம். பெயருக்குப் பக்கத்தில் இப்போது அந்தச் செய்தி உட்கார்ந்துகொண்டது, அவ்வளவுதான். பிழை போய்விட்டது என்று அதோடு நிறுத்தியிருந்தால் அடுத்த மாதமே திரும்பி வந்திருக்கும்.

ஆகவே அட்ரஸ் சானிட்டைசர்: மெமரியில் எல்லை மீறித் தொடும் வரியிலேயே நிறுத்திக் காட்டும் கருவி. ஜிசிசி கம்பைலரில் 4.8 முதல் இருக்கிறது. கம்பைல் செய்யும்போதும் லிங்க் செய்யும்போதும் அதற்கான கொடியை (கம்பைலருக்குத் தரும் விருப்பத்தை) கொடுக்க வேண்டும். ஒன்றில் விட்டால் லிங்க் ஆகாது, அல்லது சோதனை பாதியோடு நிற்கும். வரி எண் தெரிய டீபக் கொடியும் வேண்டும். ஆப்டிமைசேஷன் 1 போதும். புரோகிராம் ஏறக்குறைய இரு மடங்கு மெதுவாகும், செக்ரோலுக்கு அது பொருட்டே இல்லை.

ஓட்டியதும் கிடைத்ததுதான் இந்த வேலையிலேயே முக்கியமானது. சானிட்டைசர் லெட்சுமியின் பெயர் வரை போகவே இல்லை. பட்டியலில் முதலில் இருந்த கண்ணனின் பெயரிலேயே நிறுத்தியது. 18 பைட் இடம், எழுதியது 19. எழுதிய வரி, இடம் வாங்கிய வரி இரண்டையும் காட்டியது. இடம் வாங்கிய வரியில் எழுத்துச் சரத்தின் நீளம் சொல்லும் ஸ்டிர்லென் தந்ததை அப்படியே மாலாக்குக்குக் கொடுத்திருந்தார்கள். சரம் முடிவதைக் காட்டக் கடைசியில் வரும் சுழியத்துக்கு ஒரு பைட் சேர்க்கவில்லை. அதாவது பட்டியலில் இருந்த எல்லாப் பெயருமே ஒரு பைட் வெளியே எழுதிக்கொண்டிருந்தது, ரூமிக் காலத்திலிருந்தே.

பின் ஏன் லெட்சுமி மட்டும்? விரலை விட்டு எண்ணலாம். யூடிஎஃப்-8 என்ற குறியேற்றத்தில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் 3 பைட். ல, எகரக் கொம்பு, ட, புள்ளி, ச, உகரக் குறி, ம, இகரக் குறி: 8 குறி, 24 பைட். 64 பிட் லினக்ஸின் சி நூலகமான ஜிலிப்சியில் மாலாக் 24 பைட் வரை எதைக் கேட்டாலும் 24 பைட் இடம் தரும். அதற்கு மேல் 40, 56 என்று 16 பதினாறாக ஏறும். கண்ணனின் 19ஆவது பைட் அந்த மிச்ச இடத்தில் விழுந்து யாருக்கும் தெரியாமல் போனது. ‘லட்சுமி’ என்று எழுதினால் 21 பைட், அதுவும் தப்பிக்கும். லெட்சுமிக்கு மிச்சம் இல்லை. 25ஆவது பைட்டான சுழியம், மாலாக் தந்த அடுத்த துண்டின் அளவு எழுதியிருக்கும் இடத்தில் விழுகிறது. அடுத்த துண்டு அவருடைய வங்கிக் கணக்கு எண். அங்கே 33 இருக்க வேண்டும்: துண்டின் அளவு 32, முந்தைய துண்டு பயனில் இருப்பதைச் சொல்லும் 1. அது 0 ஆகிவிட்டது. ஃப்ரீ வந்து பார்த்துவிட்டு நிறுத்துகிறது.

முருகையா, மாரியாயி இரண்டும் 8 குறிதான். அவர்கள் பெரட்டுக்கு வந்த நாளிலும் விழுந்திருந்தது. ரூமியிலும் பெயர் சரியாக 24 எழுத்து வந்திருந்தால் இதே கதிதான். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: ‘கொ’வில் வரும் ஒகரக் குறியை ஒரே குறியாகவும் அடிக்கலாம், கொம்பும் காலுமாக இரண்டாகவும் அடிக்கலாம். திரையில் வித்தியாசம் தெரியாது, உள்ளே 3 பைட் கூடும். ஒரே பெயர் ஒரு கிராணி (எழுத்தர்) அடித்தால் ஓடி, இன்னொருவர் அடித்தால் விழ அதுவே போதும்.

திருத்தம் சிறியது. மாலாக்கும், சரத்தை நகலெடுக்கும் ஸ்டிர்காப்பியும் சேர்ந்து வந்த இடங்களில் எல்லாம் ஸ்டிர்டூப் போட்டோம். அது சுழியத்தையும் சேர்த்தே இடம் வாங்கி நகலெடுக்கும். நிரல் முழுதும் தேடியதில் இன்னொரு குறை அகப்பட்டது. சீட்டில் பெயருக்கு 32 பைட் கட்டம், அதில் இத்தனை பைட் வரை என்று நகலெடுக்கும் ஸ்டிர்என்காப்பி. பெயர் நீளமானால் இது சுழியம் போடாது. அச்சு பக்கத்துக் கட்டத்துக்குள் ஓடும். அதற்குப் பதில் வரும் எஸ்என்பிரிண்ட்எஃப் சுழியம் போடும், ஆனால் 31 பைட்டில் வெட்டினால் 10 குறியும் பதினொன்றாவது குறியின் முதல் பைட்டும் நிற்கும், தாளில் கோணல் கட்டம் வரும். வெட்டும் இடத்துப் பைட் 128 முதல் 191 வரை இருந்தால் அது குறியின் நடுப்பகுதி. அப்படி இல்லாத பைட் வரும் வரை பின்னே போய், அதற்கு முன் வெட்ட வேண்டும். வெட்டுக்குப் பின் வருவது உயிர்க்குறியோ புள்ளியோ என்றால் இன்னும் ஓர் இடம் பின்னே போவது நல்லது. ‘மு’வை ‘ம’ ஆக்கிச் சீட்டில் அடிப்பது அந்த மனிதரின் பெயரைக் கெடுப்பதுதான்.

சானிட்டைசர் எல்லாவற்றையும் பிடிக்காது. மதிப்பு போடாத மாறியைப் படிப்பதை அது காட்டாது, அதற்கு வால்கிரிண்ட் என்ற இன்னொரு கருவி. சாதாரணமாகக் கம்பைல் செய்த பில்டையே அதில் ஓட்டலாம், 20, 30 மடங்கு மெதுவாகும். இரண்டையும் சேர்த்து ஓட்ட முடியாது.

கடைசியாக 1 முதல் 64 குறி வரை நீளமுள்ள பெயர்களைக் கொண்ட ஒரு ஃபைல் செய்து சானிட்டைசர் பில்டில் ஓட்டினோம், பிறகு வால்கிரிண்டில். அதற்கும் பிறகு, முதலில் நகல் எடுத்து வைத்த அந்த நாளின் ஃபைல். எல்லாச் சீட்டும் வந்தது, பெயர்கள் தமிழில்.